ஓட்டறவனும் பேசறவனும்

மொத்தம் பதினொரு ரேஸ். ஒரு பாயிண்ட் கூட கிடையாது. அதிகபட்சம் பதினாலாவது இடம். கடைசியா ஓட்டின ரேஸ்ல கடைசி இடம், அதுவும் ஜெயிச்சவரை விட நாலு சுத்து பின்னாடி. இப்படி ஒரு ஆளைப் பத்தி ஒரு பதிவான்னு கேக்கறவங்களுக்கு: ஆமாங்க, பதிவுதான். கொஞ்சம் நீளமான பதிவு. காபி கலந்து எடுத்துட்டு வந்து உக்காருங்க.

கருண் சந்தோக். 1984 ஜனவரி 19ஆம் தேதி நம்ம சென்னையில பொறந்தவர். நாராயண் கார்த்திகேயனுக்கு அப்புறம் ஃபார்முலா 1 ஓட்டின ரெண்டாவது இந்தியர். இன்னிக்கு பிரிட்டன்ல ஞாயித்துக்கிழமை டிவி போட்டு ஸ்கை ஸ்போர்ட்ஸ்ல ரேஸ் பாக்கற ஜனங்களுக்கு, ஒரு கார் ஏன் வேகமா போச்சு, இன்னொண்ணு ஏன் போகலைன்னு விளக்கிச் சொல்றது இவர்தான். கார்ப் பந்தயத்தைக் கண்டுபிடிச்சதே தாங்கதான்ங்கற மாதிரி பேசற ஊரு அது. அவங்களுக்கு ஒரு மெட்ராஸ்காரர் பாடம் எடுக்கறார். எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம் உண்டு, மறைப்பானேன் :-)

இவர் எப்படி அங்க போய்ச் சேர்ந்தார்ங்கறதைச் சொல்ல, கொஞ்சம் கொசுவத்தி சுத்தியாகணும். சோழவரம்.

இப்ப இருக்கற பசங்களுக்கு ரேஸ்னா இருங்காட்டுக்கோட்டை. இல்லேன்னா 2024 ஆகஸ்ட் கடைசியில தீவுத்திடல், சிவானந்தா சாலையெல்லாம் சுத்தி ராத்திரி வெளிச்சத்துல விட்டாங்களே, அது. எங்க காலத்துல சோழவரம்தான். இரண்டாம் உலகப்போர் சமயத்துல போட்ட விமான ஓடுதளம், T எழுத்து மாதிரி இருக்கும். போர் முடிஞ்சு விமானம் போயாச்சு, ரோடு சும்மா கிடக்கு. ரேஸ் விட்டா என்னன்னு சிலருக்குத் தோணியிருக்கு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல உருவாச்சு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் இந்து சந்தோக், அதாவது கருணோட தாத்தா. அப்பா விக்கி சந்தோக் ராலி ஓட்டினவர், பின்னாடி இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்புக்குத் தலைவரா இருந்தவர். ஆக பையனுக்குத் தாலாட்டே கார்ப்யூரேட்டர் சத்தமாத்தான் இருந்திருக்கும்.

எங்க பெரியப்பா ஒரு தடவை என்னை சோழவரத்துக்குக் கூட்டிட்டுப் போனார். மயிலாப்பூர்லேருந்து கிளம்பி பாரிஸ் வந்து, அங்கேருந்து இன்னொரு பஸ். தயிர் சாதம் தூக்குல. நாள் பூரா வெயில், புழுதி, காது அடைக்கற சத்தம். எந்தக் கார் முன்னாடி, எது பின்னாடின்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியவே இல்லை. பெரியப்பாவுக்கும் புரிஞ்சிருக்காது, ஆனா ஒத்துக்க மாட்டார். "அதோ, அந்த செகப்புதான்டா ஃபர்ஸ்ட்டு"ன்னு எந்த செகப்பு போனாலும் சொல்லிட்டிருந்தார். ஒலிபெருக்கியில யாரோ இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க, காத்து அதை வேற பக்கம் கொண்டு போயிடுச்சு. யாராவது பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு சொன்னா எவ்வளவு நல்லா இருக்கும்னு அன்னிக்கு நினைச்சது இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, கருணுக்கு வருவோம். 2001ல ஃபார்முலா 2000 ஆசியா பட்டம். அப்ப வயசு பதினேழு. அப்புறம் இங்கிலாந்து, பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2006ல ஃபார்முலா ரெனோ வி6 ஆசியா பட்டம். 2007லேருந்து ஜிபி2, அதாவது ஃபார்முலா 1க்கு ஒரு படி கீழே. அங்க பெல்ஜியத்துல ஸ்பாவில ஒரு வெற்றி, அடுத்த வருஷம் ஹாக்கன்ஹைம்ல ஒரு வெற்றி. ஸ்பாவில ஜெயிக்கறதுன்னா, கச்சேரி பாஷையில சொல்லணும்னா, டிசம்பர் சீசன்ல அகாடமியில பேர் வாங்கற மாதிரி.

2010ல ஹிஸ்பானியாங்கற புது அணி. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா எனக்கு இந்த மனுஷர் மேல மரியாதை வந்ததே இங்கதான். சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லா அணியும் வாரக்கணக்குல காரை ஓட்டிப் பாக்கும். இந்த அணி ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டிப் பாக்கலை. காசு இல்லை, அணியே கடைசி நிமிஷத்துல கைமாறிச்சு. மார்ச் மாசம் பஹ்ரைன்ல முதல் ரேஸ். கூட்டாளி புரூனோ சென்னாவோட கார் எப்படியோ வெளிய வந்துடுச்சு. கருணோட காரை வெள்ளிக்கிழமையும் பூட்டிக்கிட்டே இருக்காங்க, சனிக்கிழமை காலையிலயும் பூட்டிக்கிட்டே இருக்காங்க. தகுதிச்சுற்றுதான் அவர் அந்தக் காரை முதல்முதலா ஓட்டினது. நம்ம ஊர்ல ஸ்கூட்டர் வாங்கினாலே எல்டாம்ஸ் ரோடு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துதானே கையெழுத்துப் போடுவோம். இவர் ஃபார்முலா 1 காரை உலகமே பாத்துட்டிருக்கறப்ப முதல்முதலா கிளப்பறார். மறுநாள் ரேஸ் அவருக்கு ரெண்டாவது சுத்துலயே முடிஞ்சுபோச்சு.

அடுத்தது ஆஸ்திரேலியா, பதினாலாவது இடம். மொனாக்கோவில ரேஸ் முடியப் போற நேரத்துல ராஸ்காஸ் வளைவுல யார்னோ ட்ரூல்லியோட கார் இவர் கார் மேலயே ஏறிடுச்சு. படத்தைப் பாத்தீங்கன்னா வயித்தைப் பிசையும். சக்கரம் ஹெல்மெட்டுக்கு அவ்வளவு பக்கத்துல. ஒரு கீறல் இல்லாம இறங்கி வந்தார். அங்கயும் கணக்குல பதினாலாவது இடம்தான். ஜூலையில சில்வர்ஸ்டோன் முடிஞ்சதும் அந்த சீட்டுல வேற ஆள். பத்து ரேஸோட சரி.

2011ல லோட்டஸ் அணியில ரிசர்வ். ஜெர்மனியில ஒரே ஒரு ரேஸ், மேலே சொன்ன கடைசி இடம் அதுதான். அந்த வருஷம் அக்டோபர் 30ஆம் தேதி நொய்டா பக்கத்துல புத் சர்க்யூட்ல இந்தியாவோட முதல் கிராண்ட் பிரீ. எந்த இந்திய ஓட்டுநருக்கும் வாழ்க்கையில ஒரு தடவைதான் வரும் அப்படி ஒரு நாள். கருணுக்குக் கிடைச்சது வெள்ளிக்கிழமை பயிற்சி மட்டும். ஞாயித்துக்கிழமை கார்த்திகேயன் ஓட்டினார், பதினேழாவதா வந்தார். கருண் வெளிய நின்னார். அந்தப் பந்தயமும் 2013க்கு அப்புறம் நடக்கலை. இரண்டாவது வாய்ப்பே இல்லாம போச்சு.

அப்புறமும் ஓட்டாம இல்லை. 2012ல லெ மான் 24 மணி நேரப் பந்தயம், டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக்கோட சேர்ந்து ஒட்டுமொத்தத்துல ஆறாவது இடம். 2014ல ஃபார்முலா ஈ, மஹிந்திரா அணி, பீஜிங்ல முதல் ரேஸ்லயே அஞ்சாவது. நம்மூர் பேப்பர்ல இதெல்லாம் கிரிக்கெட்டுக்குக் கீழே, செஸ்ஸுக்கும் கீழே, நாலு வரி.

அதே சமயத்துலதான் மைக் பக்கம் நகர்றார். 2016ல பிபிசி கையிலிருந்து ஃபார்முலா 1 ஒளிபரப்பு சேனல் 4க்குப் போச்சு, இவர் அங்க. 2019லேருந்து ஸ்கை. பழைய வில்லியம்ஸ் கார்களை ஓட்டிக் காட்டறதும் இவர் வேலைகள்ல ஒண்ணு. கொடுத்து வச்ச மனுஷன், போங்க.

பிரிட்டன்ல இது ஒரு பரம்பரை. ரேமண்ட் பேக்ஸ்டர்னு ஒருத்தர், போர்ல ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டினவர், பின்னாடி பிபிசியோட மோட்டார் நிருபர். மர்ரே வாக்கர் போர்ல டாங்கியில இருந்தவர். வாரத்துல அஞ்சு நாள் விளம்பரக் கம்பெனி வேலை, ஞாயித்துக்கிழமை ஆனா மைக்கைப் பிடிச்சு கத்து கத்துன்னு கத்துவார். 1976 சாம்பியன் ஜேம்ஸ் ஹன்ட்டையும் அவரையும் பக்கத்துல உக்கார வச்சு ரெண்டு பேருக்கும் ஒரே மைக்கைக் கொடுத்திருக்காங்க, அதுக்கு அடிதடி. வாக்கர் 2001ல ஓய்வு, 2021ல காலமானார். மார்ட்டின் பிரண்டில் 158 ரேஸ் ஓட்டி ஒண்ணு கூட ஜெயிக்காதவர். அவரை விட நல்ல வர்ணனையாளர் இன்னிக்கு இருக்காங்களான்னு கேட்டா நான் யோசிப்பேன். இன்னொரு பக்கம் ஜெரமி கிளார்க்சன் வகையறா. அவரும் யார்க்ஷையர் பக்கம் ஒரு உள்ளூர் பத்திரிகையில நிருபரா ஆரம்பிச்சவர்தான், ஆனா அவர் ரூட்டு வேற. காரை வச்சு காமெடி. சிரிச்சிருக்கேன், இல்லேன்னு சொல்லலை. ஆனா நிகழ்ச்சி முடிஞ்சதும் காரைப் பத்தி எனக்குப் புதுசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது, கிளார்க்சனைப் பத்தித்தான் தெரிஞ்சிருக்கும்.

சந்தோக் செய்யறது நேர்மாறு. ஒரு பெரிய தொடுதிரை. ரெண்டு பேர் ஒரே வளைவைத் தாண்டற படத்தைப் பக்கத்துல பக்கத்துல ஓட விடுவார், நிறுத்துவார், விரலால சுழிப்பார். இவர் இங்க பிரேக்கை விடறார், அவர் இன்னும் விடலை, ஸ்டியரிங் திருப்பின அளவு பாருங்க, இவர் ஆக்சிலேட்டரை எப்ப மிதிக்கறார்னு பாருங்க. ஒரு நிமிஷம்தான். அதுவரைக்கும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிஞ்ச ரெண்டு சுத்து, அதுக்கப்புறம் வேற வேறயாத் தெரியும்.

நான் இதிலேருந்து புரிஞ்சுக்கிட்டதை என் பாஷையில சொல்றேன். டயர்கிட்ட நூறு ரூபா இருக்குன்னு வச்சுக்குங்க. நேரா போறப்ப நூறையும் பிரேக்குக்கே செலவழிக்கலாம். ஆனா திரும்பணும்னா திரும்பறதுக்கும் காசு வேணுமே? அதனால வளைவுக்குள்ள நுழைய நுழைய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், விட்ட காசைத் திரும்பறதுக்குக் கொடுக்கணும். அதே சமயம் பிரேக் கொஞ்சம் அழுத்தி இருந்தாத்தான் காரோட எடை முன்னாடி சாஞ்சு முன் டயர் தரையைப் பிடிக்கும், மூக்கு திரும்பும். ரொம்ப சீக்கிரம் விட்டா கார் நேரா போயிடும், லேட்டா விட்டா பின்பக்கம் சுத்திக்கும். இந்தக் கணக்கை முந்நூறு கிலோமீட்டர் வேகத்திலேருந்து குறைச்சு வர்றப்ப காலாலயே போடறாங்க. அடையாறு சிக்னல்ல 29சி டிரைவர் பிரேக் போடறதை நீங்க நின்னுக்கிட்டே பயணம் பண்ணி அனுபவிச்சிருந்தா, நூறு ரூபாயையும் ஒரே இடத்துல செலவழிச்சா என்ன ஆகும்னு தெரியும்.

இவ்வளவு தெளிவா எப்படி சொல்ல வருதுன்னு எனக்கு ஒரு தியரி உண்டு. ஹிஸ்பானியா மாதிரி மெதுவான கார் ஓட்டினவருக்கு, ஒவ்வொரு ரேஸ்லயும் நீலக்கொடி காட்டுவாங்க, வேகமா வர்றவனுக்கு வழி விடுன்னு. முன்னாடி ரோட்டைப் பாத்ததுக்குச் சமமா கண்ணாடியைப் பாத்திருப்பார். அத்தனை ஜாம்பவான்களும் இவரைத் தாண்டித்தான் போயிருக்காங்க. முதல்ல போறவனுக்கு முன்னாடி காலி ரோடுதான். கடைசியில போறவனுக்குத்தான் எல்லாரையும் பக்கத்துலேருந்து பாக்கற டிக்கெட். இது முழுக்க என் சொந்தச் சரக்கு, அவர் எங்கயும் சொன்னதில்லை. ஹிஹி.

நிற்க. இப்ப ஏன் இந்தப் பதிவுன்னா, எங்க வீட்டு விவகாரம் ஒண்ணு.

அக்கா பையன், இருபத்திரெண்டு வயசு, காந்தி நகர்ல வீடு. கார்ட் ஓட்டறான்னு ஆரம்பிச்சு, அப்புறம் லைசென்ஸ் எடுத்து ஒரு சீசன் உள்ளூர் பந்தயமும் ஓட்டினான். அத்திம்பேர் வங்கியில வேலை பாத்து ஓய்வு பெற்றவர். பாண்டி பஜார்ல சட்டை வாங்கக் கூட ரெண்டு கடை ஏறி இறங்கறவர், பையனுக்காக எஃப்.டி.யை உடைச்சார். டயர், என்ட்ரி ஃபீஸ், மெக்கானிக், அடிபட்ட காரைச் சரி பண்றது, எல்லாம் சேர்த்துப் பாத்தா பணம் போன இடம் தெரியலை. பையன் மோசமா ஓட்டலை. நடுவாந்திரமா ஓட்டினான். போன மாசம் திடீர்னு, "இனிமே ஓட்டப் போறதில்லை, ரேஸுக்குத் தமிழ்ல கமெண்டரி பண்ணப் போறேன். ஒரு சின்னப் போட்டிக்குக் கூப்பிட்டிருக்காங்க, போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் தருவாங்க"ன்னு சொல்லிட்டான். கையில ஒரு ஐடி கம்பெனி ஆஃபர் லெட்டர் வேற இருக்கு.

அத்திம்பேர் எனக்கு ஃபோன் போட்டார். "ஓட்டறதுக்குன்னுதானேடா காசு கொடுத்தேன்? பேசறதுக்கா கொடுத்தேன்? பேசறதுக்கு எதுக்குடா டயரு?" எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டேன். "நீயாவது உன் மருமானுக்கு எடுத்துச் சொல்லேன். நீ சொன்னா கேப்பான்."

போனேன். மொட்டை மாடியில உக்காந்திருந்தான். நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, "மாமா, எனக்கு ஒரு சுத்துக்கு எவ்வளவு குறையுதுன்னு எனக்கே தெரியும். ஒண்ணரை செகண்டு. அது காசு போட்டு வாங்கற ஒண்ணரை செகண்டு இல்ல. ஆனா ஏன் குறையுதுன்னு என்னால சொல்ல முடியும். முன்னாடி போறவன் பலபேருக்கு அது தெரியாது"ன்னான். சந்தோக் பேரை நான் எடுக்கலை, அவனே எடுத்தான். அவரோட வீடியோவை எல்லாம் நிறுத்தி நிறுத்தி நோட்டுப் புத்தகத்துல எழுதி வச்சிருக்கான்.

இங்க ஒண்ணு சொல்லியாகணும். சந்தோக்கைக் காட்டி இந்தப் பையனை உசுப்பேத்தறது நியாயம் இல்லை. அவருக்குத் தாத்தா, அப்பான்னு ரெண்டு தலைமுறை பின்னாடி நின்னாங்க. பதின்ம வயசு முடியறதுக்குள்ள இங்கிலாந்து. ஃபார்முலா 1 ஓட்டினவர்ங்கற முத்திரை இல்லாம அந்தத் தொடுதிரை முன்னாடி யாரும் நிறுத்தியிருக்க மாட்டாங்க. பதினொரு ரேஸ்னு நான் மேலே நக்கலா ஆரம்பிச்சேன், ஆனா அந்தப் பதினொண்ணுதான் அவர் பேச்சுக்கு அடமானம். நம்ம பையன்கிட்ட இருக்கறது ஒரு சீசன், ஒரு நோட்டுப் புத்தகம். தமிழ்ல மோட்டார் ரேஸ் வர்ணனைக்குன்னு ஒரு சம்பளம், ஒரு வேலை, ஒரு நாற்காலி, எதுவும் இன்னும் இல்லை. இதையெல்லாம் அவன்கிட்டயே சொன்னேன். கேட்டுக்கிட்டான். "வேலைக்குச் சேர்றேன் மாமா. சனி ஞாயிறு எனக்கு விட்டுடச் சொல்லுங்கோ"ன்னான். மர்ரே வாக்கர் விளம்பரக் கம்பெனி வேலையை வச்சுக்கிட்டே பல வருஷம் பேசினவர்னு சொன்னேன். அது அவனுக்குத் தெரியலை, நோட்டுல எழுதிக்கிட்டான்.

அத்திம்பேர் கீழே ஹால்ல காத்துட்டிருந்தார். "வேலைக்குப் போறானாம், வார நாள்ல வேலை, சனி ஞாயிறு பேச்சு"ன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "பொங்கல் டெஸ்டுக்கு ரேடியோல அப்துல் ஜப்பார் பேசுவாரே, அந்த மாதிரியா?"ன்னு கேட்டார். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரை ஞாபகம் இருக்கறவங்க கை தூக்குங்க. 2020ல காலமானார். சேப்பாக்கம் பக்கமே போகாத எத்தனையோ பேருக்கு அவர் குரல்தான் சேப்பாக்கம். அந்த மாதிரிதான்னு சொன்னேன். "அப்ப சரி, தமிழ் நன்னா வரணுமே இவனுக்கு"ன்னு அத்திம்பேர் கவலை அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சு.

அந்தக் கவலைதான் இப்ப என் தலையில விழுந்திருக்கு. பையன் தினம் மெசேஜ் அனுப்பறான். அண்டர்ஸ்டீருக்குத் தமிழ்ல என்ன? அகராதி பாணியில நான் நாலு வார்த்தை கட்டி அனுப்பினேன், அவனுக்குப் பிடிக்கலை. "மூக்கு திரும்ப மாட்டேங்குது"ன்னு சொல்லப் போறானாம். ஓவர்ஸ்டீருக்கு "வால் வீசுது". எனக்கு இது ரெண்டும் ரொம்பப் பிடிச்சிருக்கு. சோழவரத்துல பெரியப்பா பக்கத்துல உக்காந்திருந்தவனுக்கும் புரிஞ்சிருக்கும்.

ஆனா ஸ்லிப்ஸ்ட்ரீமுக்கு இன்னும் எதுவும் மாட்டலை. முன்னாடி போற கார் காத்தைக் கிழிச்சுட்டுப் போறதால பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றவனுக்குக் காத்துத் தடை குறையுமே, அது. "நிழல்ல வர்றான்"னு நான் சொன்னேன், "காத்து மறைவுல"ன்னு அவன் சொல்றான், அத்திம்பேர் "ஓசியில வர்றான்"கறார். அப்புறம் கார் டயர் மாத்த உள்ள வர்ற இடம், பிட் லேன். அதுக்கும் ஒண்ணு வேணும். பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க மக்களே. போட்டி அடுத்த மாசம், நாள் குறைவா இருக்கு.